சிப்பி திறக்காமல் ஏலம் எடுத்த சம்மாட்டி

மன்னார்க் கரையில் ஓர் உதைபந்தாட்டக் கழகம் இருந்தால் அதன் பின்னால் ஒரு மனுஷன் இருப்பார். அவர் பந்தைக் காலால் தொட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும். ஜேர்சி அடித்த காசு அவருடையது. மட்ச் முடிந்த பிறகு வருகிற சோற்றுப் பார்சல் அவருடையது. ஃபைனலில் தோற்றால் ரெஃபரியைத் தேடிப் போகும் முதல் குரலும் அவருடையதுதான்.

அவர் ஊருக்குள் சம்மாட்டியாக இருக்கலாம், கடை முதலாளியாக இருக்கலாம், கனடாவில் இருக்கிற யாரோ ஒருவருடைய அண்ணனாகவும் இருக்கலாம். “இதால உங்களுக்கு என்ன லாபம் அண்ணே?” என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பள்ளிமுனைப் பெருக்க மரத்திடம் வயது கேட்டது போலப் பேசாமல் நிற்பார்.

இந்தச் சாதி மனுஷர்களுக்கெல்லாம் பேரரசர் ஒருவர் இருந்தார். பெயர் ஜாக் வோக்கர். போத்தலில் வருகிறவர் அவருடைய உறவு இல்லை, அது வேறு பைத்தியம். இவர் இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கத்துப் பிளக்பேர்ன் என்ற ஊர்க்காரர். அந்த ஊரின் கழகமான பிளக்பேர்ன் ரோவர்ஸ் மேல் சின்ன வயதிலேயே பிடித்த காய்ச்சல் எழுபத்தொரு வயதில் கண்ணை மூடும்வரை இறங்கவில்லை. மற்றவர்களுக்கும் காய்ச்சல் உண்டுதான். இவரிடம் கூடவே 330 மில்லியன் பவுண் இருந்தது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். பிளக்பேர்ன் பஞ்சு மில் ஊர். நம் பாட்டன்மார் காலத்தில் இந்தியாவில் கட்டிய வேட்டிகளில் எத்தனையோ அங்கே தறியில் பிறந்தவை. அந்த மில்கள் ஓகோவென்று ஓடிய காலத்தில் ரோவர்சும் ஓகோ. 1912இலும் 1914இலும் இங்கிலாந்துச் சம்பியன். பிறகு இந்தியா அந்நியத் துணி வேண்டாம் என்று சொல்லத் தொடங்க, 1931இல் காந்தியே பக்கத்து ஊரான டார்வனுக்கு வந்து வேலையிழந்த மில் சனத்தை நேரில் பார்த்தார். வேலையைக் கெடுத்தவர் வருகிறார் என்று கல் எடுப்பார்கள் என்று நினைத்தால், மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று சிரித்துக் கொண்டாடிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கத்துச் சனத்துக்கு நட்டம் வந்தாலும் ஆளைப் பிடித்துப்போனால் போதும். இந்தக் குணம் பின்னால் நிறைய விளக்கும்.

காந்தி வந்தபோது ஜாக்குக்கு இரண்டு வயது. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியாயிற்று. அப்பா சார்ள்ஸ் தகரம் அடிக்கிற மனுஷன். 1945இல் 80 பவுண் போட்டு ஒரு சின்னப் பட்டறை தொடங்கினார். மகன்கள் ஜாக்கும் ஃப்ரெட்டும் அதை வளர்த்தார்கள். பிற்காலத்துப் பத்திரிகைகள் ஜாக்கை “எஃகுச் சக்கரவர்த்தி” ரேஞ்சுக்குத் தூக்கி எழுதின. எஃகை உருக்கியவர் வேறு யாரோ. இவர்கள் அதை வாங்கினார்கள், அடுக்கினார்கள், வெட்டினார்கள், விற்றார்கள். அதாவது, இரும்புக்கடை. பிரித்தானியாவிலேயே ஆகப் பெரிய இரும்புக்கடை.

1989இல் அதை பிரிட்டிஷ் ஸ்டீல் கம்பனிக்கு விற்றபோது வந்ததுதான் மேலே சொன்ன 330 மில்லியன். இந்தக் காசை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன செய்திருக்க வேண்டும்? நிலம் வாங்கலாம், பேரப்பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம், கோயிலுக்குக் கூரை போடலாம். இவர் இரண்டாம் பிரிவில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கழகத்தை 1991 ஜனவரியில் வாங்கினார்.

அவசரப்பட்டுக் கை தட்டாதீர்கள். இந்த ஊர்ப்பற்றாளர் 1974இலேயே ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே? ஜேர்சி என்ற தீவுக்கு. பிரான்சுக்குப் பக்கத்தில் இருக்கிற, வருமான வரிக்காரர் கையை அதிகம் நீட்டாத, அழகான தீவு. நெஞ்சு பிளக்பேர்னில், பேங்க் புத்தகம் ஜேர்சியில். தீவுக்காரர்கள் நாம் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். தீவிலிருந்து மட்ச்சுக்கு வருவது லேசுப்பட்ட காரியமா? அந்தப் பிரச்சினை மட்டும் அவருக்கு இருக்கவில்லை, ஜேர்சியில் ஒரு விமானக் கம்பனியும் அவருடையதே.

சரி, கழகம் என்ன நிலையில் இருந்தது? பயிற்சி நடந்த இடம் பிளசிங்டன் என்ற பொது மைதானம். ஊர் நாய்கள் தம் பங்குக்கு விட்டுச்சென்றதை விலக்கிவிட்டுத்தான் பந்து உருட்ட வேண்டும். பக்கத்திலேயே சுடலை. அடுப்பு வைத்து எரிக்கிற நாகரிகச் சுடலை என்றாலும் சுடலை சுடலைதானே. பிரேத வண்டி வந்தால் பந்தை நிறுத்திவிட்டு மரியாதையாக நிற்பார்கள். பயிற்சி உடுப்பை அவரவர் வீட்டில் அவரவர் தோய்த்துக்கொண்டு வர வேண்டும். பின்னாளில் நாட்டின் ஆக விலை கூடிய வீரர் வந்திறங்கியதும் இந்த மைதானத்தில்தான். நம் வங்காலையிலோ பேசாலையிலோ ஒரு கழகத்துப் பெடியனிடம் இதைச் சொன்னால், “ஓ, அப்ப பிரீமியர் லீக்கும் எங்களை மாதிரித்தான்” என்று நிம்மதியாகப் போவான்.

இந்த நிலையில் இருந்துகொண்டு, மன்செஸ்டர் யுனைட்டட்டையே மலிவுச் சரக்காகத் தெரிய வைப்பேன் என்ற அர்த்தத்தில் ஜாக் ஒரு வார்த்தை விட்டார். ஊர் சிரித்தது. இங்கிலாந்து சிரித்தது. யுனைட்டட்காரர்களுக்குச் சிரிக்கக்கூட நேரமில்லை, அவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

1991 ஒக்டோபரில் சிரிப்பு நின்றது. லிவர்பூலின் தெய்வம் கெனி டல்கிளிஷ், மன அழுத்தம் தாங்காமல் அந்த வேலையை அந்த வருஷம் பெப்ரவரியில் உதறிவிட்டு வீட்டில் இருந்தவர், பிளக்பேர்ன் பயிற்றுநராக வந்து நின்றார். இரண்டாம் பிரிவுக் கழகத்துக்கு! கிறிக்கெட்டில் சொன்னால், ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்த உலகக் கிண்ணக் கப்டன் ஒருவர் மன்னார் ‘பி’ அணிக்குக் கோச்சாக வந்த கதை. மன அழுத்தத்துக்கு மருந்து ஓய்வு என்று டொக்டர்கள் சொல்கிறார்கள். ஜாக்கிடம் வேறு மருந்து இருந்தது, செக் புத்தகம்.

அந்தப் பருவத்தில் ரோவர்ஸ் முதலிடத்தில் ஓடி, நடுவில் மூச்சு வாங்கி, ஆறாவது இடத்துக்குச் சரிந்து, கடைசிப் படியில் தொற்றிக்கொண்டு பிளே-ஓஃபுக்குப் போனது. 1992 மே மாதம் வெம்பிளியில் ஒரு பெனால்டியால் லெஸ்டரை 1–0 என்று வென்று, புதிதாகப் பிறக்கவிருந்த பிரீமியர் லீக்குக்குள் புகுந்துகொண்டது. அந்தப் பெனால்டி சரியான பெனால்டியா என்று லெஸ்டர்க்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள், உங்களுக்கு வேறு வேலை இருக்கும்.

இனித்தான் ஏலம். இதைச் சொல்ல முன் நம் கரையின் பழைய ஏலம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை, அரிப்பு. முத்துக் குளிப்புக் காலத்தில் இந்த மணலில் ஓலைக் கொட்டில்களால் ஒரு நகரமே முளைக்கும். கீழக்கரைக்காரர், தூத்துக்குடிக்காரர், அரபு நாட்டுக்காரர் எல்லாம் வருவார்கள். 1906இல் இங்கே மேற்பார்வைக்கு வந்த இளம் வெள்ளைக்கார உத்தியோகத்தர்களில் ஒருவர் லெனார்ட் வுல்ஃப். வர்ஜீனியா வுல்ஃபைக் கலியாணம் முடிக்க முன்னர் அவர் எங்கள் மணலில் சிப்பி எண்ணிக்கொண்டிருந்தார் என்பது உலக இலக்கியத்துக்கு எங்கள் பங்களிப்பு. மத்தியானம் வள்ளங்கள் கரையேறும். கொட்டு என்ற பெரிய அடைப்புக்குள் சிப்பியைக் குவித்துப் பங்கு பிரிப்பார்கள். சுழியோடிகளுக்கு ஒரு பங்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. பொழுதுபட அரசாங்கப் பங்கு ஏலத்துக்கு வரும். ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று விலை.

கவனியுங்கள், சிப்பியைத் திறந்து காட்டமாட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதோ, வெறும் சதை இருக்கிறதோ, கடவுளுக்கும் சிப்பிக்கும் மட்டுந்தான் தெரியும். வாங்கியவர் அதைக் குவித்துப் பல நாள் அழுகவிடுவார். ஈ மொய்க்கும், புழு நெளியும், காற்றடித்தால் நாலு ஊருக்கு நாற்றம் போகும். பிறகு கழுவி, மூக்கைப் பொத்திக்கொண்டு அடியில் தேட வேண்டும். அதில் மாளிகை கட்டியவனும் இருந்தான், மனைவியின் தாலிக்கொடியை அடகுவைத்தவனும் இருந்தான்.

உதைபந்தாட்ட வீரரை வாங்குவது அப்படியே இதுதான். நாற்றமும் சேர்த்து.

1992 ஜூலையில் ஜாக் ஒரு சிப்பி எடுத்தார். சவுதாம்டன் கழகத்தில் இருந்த அலன் ஷியரர், வயது 21, விலை 3.3 மில்லியன் பவுண். பிரித்தானியாவில் அதுவரை யாரும் கொடுக்காத விலை. மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கும் அதே ஆளில் ஒரு கண் இருந்தது. வடக்கு இங்கிலாந்தின் தகர வேலைக்காரர் ஒருவரின் மகன் ஷியரர். ஏலம் எடுத்தவரும் தகர வேலைக்காரரின் மகன். பரம்பரைத் தொழிலில் சரக்குப் பார்க்கிற கண் தப்புமா? பிளக்பேர்னுக்காக 138 லீக் ஆட்டத்தில் 112 கோல். நல்முத்து என்றால் இதுதான்.

எல்லாச் சிப்பியும் இப்படி வாய்க்குமா? 1993இல் ரோய் கீன் என்ற இளம் ஐரிஷ்காரர் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டிலிருந்து பிளக்பேர்னுக்கு வரச் சம்மதித்துவிட்டார். கை குலுக்கியாயிற்று, சம்பளம் பேசியாயிற்று. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டிய கழக ஒபிஸ்காரர்கள் நேரத்துக்கே வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சனி ஞாயிறுக்குள் யுனைட்டட் பயிற்றுநர் அலெக்ஸ் ஃபேர்குசனிடமிருந்து கீனுக்கு ஒரு போன்கோல் போனது. பிறகு கீன் யுனைட்டட்டுக்குப் போய், கப்டனும் ஆகி, அங்கே மொத்தம் ஏழு முறை பிரீமியர் லீக் கிண்ணம் எடுத்த கதை உங்களுக்குத் தெரியும். கந்தோர்க் கவுண்டரில் “நாளைக்கு வாங்கோ” என்று கேட்டுப் பழகிய நாம்தான் ஜாக்கின் அந்த வலியைச் சரியாக உணர முடியும். நாட்டிலேயே பெரிய செக் புத்தகத்தைத் தோற்கடித்தது ஒரு பூட்டிய அலுமாரி.

1994இல் கிறிஸ் சட்டன் என்ற இன்னொரு முன்கள வீரருக்கு 5 மில்லியன். மறுபடியும் சாதனை விலை. ஷியரரும் சட்டனும் சேர்ந்து அந்தப் பருவத்தில் எதிரணிக் காவலர்களின் நித்திரையைக் கெடுத்தார்கள். ஷியரர் தனியாக 34 லீக் கோல். ஊர் துள்ளியது. “காசால கிண்ணம் வாங்கிறாங்கள்” என்று மற்ற ஊர்கள் முணுமுணுத்தன. முணுமுணுத்தவர்களில் முதல் வரிசையில் நின்றவை இன்னும் கூடக் காசு வைத்திருந்த கழகங்கள். உலக நியதி.

நாயகனைப் புகழும்போது ஒரு விஷயத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடுவார்கள். 1995 ஜனவரியில் யுனைட்டட்டின் எரிக் கன்டோனா, சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகிற வழியில், தன்னை ஏசிய ஒரு ரசிகரின் நெஞ்சில் பாய்ந்து உதைத்தார். அந்த வருஷம் செப்டெம்பர் முடியும்வரை தடை. ஜாக்கின் மில்லியன்கள் சம்பாதித்த கிண்ணத்தில் அந்த ஒரு இலவச உதைக்கும் பங்கு உண்டு. அதற்கு ஜாக் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

கடைசி நாள், 1995 மே 14. ரோவர்ஸ் விளையாட வேண்டிய இடம் எது தெரியுமா? டல்கிளிஷ் தெய்வமாக இருந்த அதே லிவர்பூல் மைதானம். லிவர்பூல் ரசிகர்களுக்கு யுனைட்டட் என்றால் எட்டிக்காய். யுனைட்டட் கிண்ணம் எடுக்காமல் இருக்கத் தங்கள் அணி தோற்றாலும் பரவாயில்லை என்ற புனித மனநிலையில் இருந்தார்கள். ஷியரர் கோல் போட்டார், அவர்களும் மகிழ்ந்தார்கள். ஆனால் லிவர்பூல் வீரர்களுக்கு யாரும் இதைச் சொல்லிவைக்கவில்லை போலிருக்கிறது. ஒன்றைத் திருப்பினார்கள். கடைசி நிமிஷத்தில் ஜேமி ரெட்நாப் ஒரு ஃப்ரீ-கிக்கைக் கொண்டுபோய் வலைக்குள் வைத்தார். 2–1. ஜாக்கின் நாலு வருஷமும் மில்லியன்களும் மரிச்சுக்கட்டி மணலில் வெயிலில் காய்கிற கோலம்.

அந்த நொடியில் இலண்டனிலிருந்து ரேடியோச் செய்தி. வெஸ்ட் ஹாம் மைதானத்தில் யுனைட்டட் அடித்ததையெல்லாம் கோல்கீப்பர் லூடெக் மிக்லொஸ்கோ பிடித்துத் தள்ள, 1–1 என்று முடிந்துவிட்டது. ரோவர்ஸ் 89 புள்ளி, யுனைட்டட் 88. ஒரே ஒரு புள்ளியால் பிளக்பேர்ன் சம்பியன். தோற்றுவிட்டுக் கிண்ணம் தூக்கிய அணியைச் சுற்றி, வென்ற அணியின் ரசிகர்கள் கை தட்டினார்கள். ஜாக் மைதானத்தில் நின்று சின்னப்பிள்ளை போல அழுதார். அறுபத்தைந்து வயதுப் பணக்காரர் ஒருவர் வெள்ளிக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற படத்தைப் பார்த்தால், வரி கட்டாமல் தீவுக்குப் போனதைக்கூட அரை நிமிஷம் மன்னிக்கத் தோன்றும்.

இதற்கு முதல் ரோவர்ஸ் சம்பியன் ஆன வருஷம் 1914. நமக்கு அந்த வருஷம் ஞாபகம் இருக்கத்தான் வேண்டும், தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலோடு இணைந்த போட் மெயில் தொடங்கியது அப்போதுதான். பிளக்பேர்ன்காரர்கள் அடுத்த கிண்ணத்துக்குக் காத்திருந்த எண்பத்தொரு வருஷத்துக்குள் 1964 புயலில் தனுஷ்கோடி போய், அந்தக் கப்பல் ஓடி முடிந்து, 1990இல் தலைமன்னார் ரயிலும் நின்றுவிட்டது. ஒரு ரசிகனின் பொறுமைக்கு முன்னால் ரயில்வே டிபார்ட்மென்ட் எல்லாம் எம்மாத்திரம்.

மறுநாள் ஷியரர் எப்படிக் கொண்டாடினார் என்று கேட்டார்கள். வீட்டு மரவேலிக்குக் கறுப்பெண்ணெய் பூசப் போனார். நாட்டின் சம்பியன், 34 கோல் வீரர், கையில் பிரஷ். தகர வேலைக்காரர் வீட்டு வளர்ப்பு அப்படி.

கிண்ணம் எடுத்த கையோடு எல்லாச் சம்மாட்டிக்கும் வருகிற வியாதி ஜாக்குக்கும் வந்தது: இனி நமக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற வியாதி. பிரான்சில் போர்தோ கழகத்தில் ஒரு பையன் இருக்கிறான், நன்றாக விளையாடுகிறான், எடுப்போமா என்று கேட்டார்களாம். “எங்களிடம் டிம் ஷேர்வுட் இருக்கும்போது அவன் எதற்கு?” என்று ஜாக் கேட்டதாக இன்றுவரை கதை உலாவுகிறது. ஷேர்வுட் நல்ல கப்டன், குறை சொல்ல ஒன்றுமில்லை. போர்தோப் பையனின் பெயர் ஸினடின் ஸிடான்.

கதை முழுக்க உண்மையா, காலம் கொஞ்சம் மெருகேற்றியதா என்று ஆராய நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். தன் வீட்டுப் பிள்ளையை விட்டுப் பக்கத்து வீட்டு ஸிடானைப் புகழ்பவன் உண்மையான ரசிகனே இல்லை. ஜாக் அன்று பேசியது முதலாளியாக அல்ல, கலரி ரசிகனாக. பிரச்சினை என்னவென்றால், கலரி ரசிகனிடம் செக் புத்தகம் இருப்பதில்லை என்பதால்தான் உலகம் இதுவரை தப்பியிருக்கிறது.

அடுத்த பருவம் ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக். டல்கிளிஷ் பயிற்சியை விட்டு மேல்மாடி நாற்காலிக்குப் போய்விட்டார். ஸ்பார்டக் மொஸ்கோ, லெஜியா வோர்சோ, ரோசன்பொர்க் என்று யாரைப் பார்த்தாலும் அடி. மொஸ்கோக் குளிரில் மட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரோவர்ஸ் வீரர்கள் கிரேம் லெ சோவும் டேவிட் பட்டியும் கைகலந்தார்கள். ரஷ்யர்களோடு அல்ல, ஒருவரோடு ஒருவர். சொந்த அணிக்காரனையே அடிக்கிற அளவுக்குப் போன பிறகு எதிரணிக்கு என்ன வேலை? அவர்கள் அமைதியாக மூன்று கோல் போட்டுவிட்டுப் போனார்கள். குழுவில் ரோவர்ஸ் கடைசி.

1996 ஜூலையில் ஷியரர் போனார். யுனைட்டட்டுக்கு மட்டும் கொடுக்கமாட்டேன் என்பதில் ஜாக் குடும்பப் பகை ரேஞ்சில் உறுதியாக இருந்தார். ஷியரர் சொந்த ஊரான நியூகாசிலுக்குப் போனார், 15 மில்லியன் பவுணுக்கு. உலக சாதனை விலை. 3.3இல் எடுத்தது 15க்குப் போயிற்று என்றால், இந்தக் கதை முழுவதிலும் ஜாக் ஒரு நல்ல வியாபாரி போல நடந்துகொண்ட ஒரே நாள் அது. அன்றைக்குத்தான் ஊர் அழுதது.

பிறகு வேகமாக ஓடிவிடுவோம். பயிற்றுநர்கள் வந்தார்கள், போனார்கள், காசு போய்க்கொண்டே இருந்தது. 1999 மே மாதம் ஒரு புதன்கிழமை இரவு, பிளக்பேர்ன் சொந்த மைதானத்தில் கோல் இல்லாமல் ஒரு சமநிலை எடுத்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. சம்பியன் ஆகி நாலே வருஷம். எதிரே நின்ற அணி மன்செஸ்டர் யுனைட்டட். அந்த மாதமே மூன்று கிண்ணம் எடுக்கப் போகிற யுனைட்டட். பிளக்பேர்ன் பயிற்றுநர் பிரையன் கிட், அதற்கு முந்திய டிசம்பர்வரை யுனைட்டட்டில் ஃபேர்குசனுக்கு உதவியாளராக இருந்தவர். மலிவாகத் தெரிய வைப்பேன் என்று சொன்ன வாக்கைக் காலம் இப்படிப் பொறுக்கியெடுத்துத் திருப்பிக் கொடுத்தது.

இந்த இடத்தில் நம் கரையில் இன்னொரு முதலாளியைப் பார்க்க வேண்டும். 1905இல் முத்துக் குளிப்பில் அரசாங்கத்துக்குக் கொள்ளை வருமானம். லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹேர்ட்மன் வேறு வந்து, எங்கள் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய்ந்து தடித்தடியாக ஐந்து தொகுதி எழுதினார். இதையெல்லாம் பார்த்த இலண்டன் கனவான்களுக்கு வாயூறியது. சிலோன் கம்பனி ஒஃப் பேர்ள் ஃபிஷர்ஸ் என்று ஒன்றைத் தொடங்கி, 1906இலிருந்து இருபது வருஷத்துக்குக் குத்தகை, வருஷத்துக்கு 3,10,000 ரூபா. 1906இல் அள்ளினார்கள். 1907இலும் அள்ளினார்கள். அதற்குப் பிறகு சிப்பி வரவில்லை. சிப்பிக்கு யாரும் குத்தகைப் பத்திரத்தை வாசித்துக் காட்டவில்லை. இருபது வருஷம் முடிய வெகு முன்னரே கம்பனி கணக்கை மூடிக்கொண்டு போனது.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முத்துக்கு வந்தவன் முத்து இல்லாவிட்டால் போகத்தான் வேண்டும். ஜாக் போகவில்லை. கழகம் கீழ்ப் பிரிவில் விழுந்த பிறகும் அவர் பையைத் திறந்தபடியே இருந்தார். மற்றப் பணக்காரர்களைப் பாருங்கள். 2003இல் செல்சி கழகத்தை வாங்கிய ரஷ்யக் கோடீஸ்வரர் சின்ன வயதில் செல்சி கலரியில் நின்று தொண்டை கிழியக் கத்தியவரா? 2008இல் மன்செஸ்டர் சிட்டியை வாங்கிய அபுதாபி ஷேக்கை யாராவது பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்து மட்ச் பார்த்தார் என்று சொல்வார்களா? அவர்கள் கடை வீதியில் நல்லதாகப் பார்த்து எடுத்தார்கள். ஜாக் தன் வீட்டு ஒழுகல் கூரைக்குத் தங்கத் தகடு அடித்தார். அது புத்திசாலித்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

2000 ஓகஸ்ட் 17, ஜேர்சித் தீவில் ஜாக் இறந்தார். கழகம் அப்போதும் கீழ்ப் பிரிவிலேயே கிடந்தது. சரியாக அடுத்த மே மாதம் அது மேலே ஏறியது, அதற்கடுத்த வருஷம் லீக் கப் என்ற கிண்ணமும் எடுத்தது. இருபத்தைந்து வருஷமாக வரிக்காரருக்குப் போக்குக் காட்டிய ஆள், ஒன்பதே மாதத்தில் இந்த சந்தோஷத்தைக் கோட்டை விட்டார்.

கழகத்தை ஒரு டிரஸ்ட்டிடம் எழுதிவைத்திருந்தார். ஒழுங்கான ஏற்பாடு, வக்கீல்கள் பார்த்த பத்திரம். ஆனால் பத்திரத்தில் காசை எழுதலாம், கட்டிடத்தை எழுதலாம், சனிக்கிழமை பின்னேரம் வயிற்றைக் கலக்குவதை எப்படி எழுதுவது? டிரஸ்ட்காரர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்கிறவன் கையில் உதைபந்தாட்டக் கழகம் நிற்காது. 2010 நவம்பரில் 23 மில்லியன் பவுணுக்கு விற்றார்கள்.

வாங்கியது யார்? இந்தியர்கள்! புனேயில் இருக்கிற வெங்கீஸ், கோழிக் கம்பனி. வேட்டி நெய்து இந்தியாவுக்கு அனுப்பிய ஊரை இந்தியக் கோழி விலைக்கு வாங்கிவிட்டது. காந்தியைச் சுற்றி நின்ற அந்த மில் பெண்களில் ஒருவர் நூறு வயதுவரை இருந்து இதைப் பார்த்திருந்தால் பல் தெரியச் சிரித்திருப்பார்.

புது முதலாளிகள் ரொனால்டினோ, பெக்கம் என்றெல்லாம் பெயர் சொன்னார்கள். இருந்த பயிற்றுநர் சாம் அலர்டைஸை வந்து ஒரு மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வீரர்களை உடை மாற்றும் அறையில் உட்காரவைத்துக் கோழி தின்னவைத்து விளம்பரம் எடுத்தார்கள். ரொனால்டினோ வரவில்லை. விளம்பரம் வந்தது.

2012 மே 7, மழை இரவு. விகனுடன் மட்ச், தோற்றால் கீழ்ப் பிரிவு. ரசிகர் யாரோ உயிரோடு ஒரு கோழியை, ரோவர்ஸ் கொடியைப் போர்த்தி, மைதானத்துக்குள் விட்டார். மன்னார் டவுனில் ரோட்டுக்குக் குறுக்கே கழுதை நின்றால் ஹோர்ன் அடிக்கக்கூட நாம் யோசிப்போம், அவ்வளவு பழக்கம். ஆனால் பிரீமியர் லீக்கில், நேரடி ஒளிபரப்பில், கோழி! பிடிப்பதற்குப் பெரும் பாடு பட்டார்கள். அன்று விகன் 1–0 என்று வென்றது. பிளக்பேர்ன் பக்கத்தில் அந்த இரவு உருப்படியாக ஓடியது அந்தக் கோழி ஒன்றுதான்.

ஆனால் வெங்கீஸ்காரர்களையும் முழுதாகத் திட்ட மனம் வரவில்லை. 2017இல் கழகம் மூன்றாம் படிக்கே போனது. அப்போதும் அவர்கள் விற்றுவிட்டு ஓடவில்லை. வருஷா வருஷம் நட்டத்துக்குக் காசு புனேயிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. கோழிக்காரருக்கும் அந்த மைதானத்துப் புல்லில் ஏதோ தொற்றிவிட்டது போலும். பிறகு இந்திய அமலாக்கத்துறை அந்தப் பண அனுப்பல்களைக் கிளறத் தொடங்க, ஒவ்வொரு முறையும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் போய் நிற்கவேண்டி வந்தது. கோட்டு போட்ட வக்கீல்களை வைத்து, உத்தரவாதத் தொகை கட்டி, கனம் நீதிபதி அவர்களிடம் அவர்கள் மன்றாடிய விஷயம் இதுதான்: தங்கள் சொந்தக் காசைப் பிளக்பேர்னில் நட்டப்படுத்தத் தயவுசெய்து அனுமதி தர வேண்டும்.